ஒரு வரி ப்ராக்ஸியும் மூன்று வாசல்களும்: கிரிப்டோ நோடை டோர் வழியாக ஓட்டுவது

"சொந்தமா நோடு ஓட்டுறியா? ஒரு வரி ப்ராக்ஸி போட்டுரு, அப்புறம் நீ யாருன்னே யாருக்கும் தெரியாது." பிட்காயின் பேச்சு நடக்கும் இடங்களில் இந்த வசனம் தவறாமல் காதில் விழும். பாதி சரிதான். இணையத்தில் உங்கள் முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக நோடை அனுப்ப, அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியது உண்மையிலேயே ஒரு வரி. அதனால் விஷயமும் ஒரு வரியோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

ஒரு நோடுக்கு, அதாவது கிரிப்டோ வலையமைப்பில் சேர்ந்து இயங்கும் மென்பொருளுக்கு, மூன்று வாசல்கள் உண்டு. அது வெளியே போய்ப் பிறரைச் சந்திக்கும் வாசல், பிறர் அதைத் தேடி உள்ளே வரும் வாசல், "இந்தப் பெயருக்கு முகவரி என்ன?" என்று அக்கம்பக்கம் விசாரிக்கும் வாசல். ப்ராக்ஸி வரி முதல் வாசலைப் பார்த்துக்கொள்கிறது, மூன்றாவதைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதை என்ன செய்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

## நோடு யாரோடு பேசுகிறது?

நோடு என்பது கிரிப்டோ வலையமைப்பின் முழுக் கணக்குப் புத்தகத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு பதிவையும் தானே சரிபார்க்கும் மென்பொருள். பிட்காயினுக்குப் பரவலாகப் பயன்படுவது பிட்காயின் கோர். இந்தக் கட்டுரையில் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

நோடு தனியாக இருந்து எதையும் சாதிக்க முடியாது. மற்ற நோடுகளோடு இணைந்தால்தான் புதிய ப்ளாக்குகள், அதாவது பரிவர்த்தனைகளின் தொகுப்புகள், வந்து சேரும். அப்படி இணைந்திருக்கும் மற்ற நோடுகளைப் பியர்கள் என்கிறோம். பிட்காயின் கோர் வழக்கமாகத் தானே தேடிப்போய்ப் பத்துப் பியர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எட்டுப் பேரோடு எல்லாத் தகவலும், இருவரோடு ப்ளாக்குகள் மட்டும். வெளியிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்தால் மொத்தம் 125 வரை இடம் உண்டு.

இந்த ஒவ்வொரு இணைப்பிலும் எதிரே இருப்பவருக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். ஐபி முகவரி என்பது இணையச் சேவை நிறுவனம் உங்கள் இணைப்புக்குக் கொடுத்த எண். ஊர் பேர் அதில் எழுதியிருக்காது, ஆனால் யார் வீட்டு இணைப்பு என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியும்.

தெரிந்தால் என்ன? ஊரில் ஒரு வதந்தி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க நினைப்பவர் தெருவுக்கு ஓர் ஆளை நிறுத்திவைத்து, "முதலில் உன் காதில் யார் போட்டது?" என்று கேட்டால் போதும். பரிவர்த்தனையும் வதந்தி மாதிரிதான் பரவுகிறது. நீங்கள் அனுப்பும் பரிவர்த்தனையை உலகுக்கு முதலில் சொல்வது உங்கள் நோடு. நிறைய நோடுகளோடு இணைந்துகொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர், முதலில் எங்கிருந்து கேட்டது என்பதை வைத்து ஊகிக்க முடியும். இதைக் கடினமாக்கத்தான் பிட்காயின் கோர் ஒவ்வொரு பியருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே தாமதித்துச் சொல்கிறது. அது முழுத் தடுப்பு ஆகாது.

## ப்ராக்ஸி: உங்களுக்காகப் போகும் தூதுவன்

நேரில் போக விருப்பமில்லாதபோது தூது விடுகிறோம் இல்லையா, ப்ராக்ஸி செய்வதும் அதைத்தான். நோடு நேராகப் பியரிடம் போகாமல், நடுவில் இருக்கும் ஒரு நிரலிடம் "இன்ன இடத்துக்குப் போய் இதைச் சொல்" என்கிறது. எதிரே இருப்பவர் கண்ணில் படுவது தூதுவனின் முகம்.

நோடும் தூதுவனும் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும். அதன் பெயர் சாக்ஸ்5. 1996-இல் இணையத் தரமாக வெளியான எளிய நெறிமுறை இது. உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

நோடு: நான் ஐந்தாம் பதிப்பில் பேசுகிறேன், இதோ என் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்.
தூதுவன்: சரி, எங்கே போகணும்?
நோடு: இந்த முகவரி, 8333-ஆம் போர்ட்.
தூதுவன்: போயாச்சு, பேசு.

போர்ட் என்பது ஒரே கணினிக்குள் எந்த நிரலோடு பேச வேண்டும் என்று சொல்லும் எண். கட்டடத்துக்கு ஒரே முகவரி, உள்ளே கதவு எண் வேறு வேறு என்பது போல. பிட்காயினின் வழக்கமான கதவு எண் 8333.

இந்த உரையாடலில் ஒரு சின்ன விஷயம் பெரியது. முந்தைய சாக்ஸ்4 மொழியில் போக வேண்டிய இடத்தை எண்ணாக மட்டுமே சொல்ல முடியும். பெயரை எண்ணாக மாற்ற நோடே வெளியே போய் விசாரிக்க வேண்டியிருந்தது. இந்த விசாரணைக்குப் பெயர் டிஎன்எஸ். தூதுவனை ரகசியமாக அனுப்பிவிட்டு, அவன் போக வேண்டிய வீட்டுக்கு வழியைத் தெருவில் நின்று உரக்கக் கேட்டால் எப்படி இருக்கும்? சாக்ஸ்5-இல் பெயரையே தூதுவனிடம் கொடுத்துவிடலாம், விசாரிப்பது அவன் பாடு. மூன்றாவது வாசல் அடைபடுவது இப்படித்தான்.

## ஒரு தூதுவன் ஏன் போதாது?

ஏனென்றால் அந்தத் தூதுவனுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் யார், யாரிடம் போனீர்கள், எப்போது போனீர்கள், எல்லாம். அவனை யாராவது மடக்கிக் கேட்டால் கதை முடிந்தது. காசு கட்டி வாங்கும் விபிஎன் சேவைக்கும் இதே குறைதான். நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவே.

டோர் இதற்குச் சொல்லும் பதில்: மூன்று தூதுவர்களை வைத்துக்கொள், ஒவ்வொருவனுக்கும் பாதிக் கதை மட்டும் தெரியட்டும். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த யோசனை, 2002-இல் டோர் என்ற பெயரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் கணினியில் ஓடும் டோர் நிரல், செய்தியை மூன்று உறைகளுக்குள் போட்டு ஒட்டுகிறது. முதல் ஆள் வெளி உறையைப் பிரித்தால் இரண்டாம் ஆளின் முகவரி மட்டும் இருக்கும். இரண்டாம் ஆள் பிரித்தால் மூன்றாம் ஆளின் முகவரி. கடைசி ஆளுக்குத்தான் போய்ச் சேர வேண்டிய இடம் தெரியும், ஆனால் அனுப்பியது யார் என்று தெரியாது. வெங்காயத்தை உரிப்பது போல அடுக்கடுக்காகப் பிரிவதால் டோரின் பெயரிலேயே அந்தக் காலத்தில் வெங்காயம் ஒட்டிக்கொண்டது. இந்த ஆட்கள் உண்மையில் தன்னார்வலர்கள் நடத்தும் கணினிகள், ரிலே என்று பெயர். மூன்றாம் ஆளை வெளியேறும் ரிலே என்பார்கள். திறந்த இணையத்துக்குள் கால் வைப்பவர் அவரே.

இன்னொரு வகையும் உண்டு, நோடு ஓட்டுபவர்களுக்கு முக்கியமானது அதுதான்: ஆனியன் சேவை. இதில் இரண்டு தரப்பும் டோருக்குள்ளேயே இருக்கும். இவர் மூன்று ஆட்கள் வழியாக வர, அவர் மூன்று ஆட்கள் வழியாக வர, நடுவில் ஒரு பொது இடத்தில் சந்திக்கிறார்கள். யாருக்கும் யாருடைய ஐபியும் தெரியாது. வெளியேறும் ரிலே என்ற ஆளே தேவையில்லை. ஆனியன் முகவரி 56 எழுத்துகள் கொண்டது, பார்க்க விசைப்பலகையில் பூனை நடந்த மாதிரி இருக்கும். உண்மையில் அது அந்தச் சேவையின் பொதுச் சாவி, எழுத்து வடிவில். பொதுச் சாவி என்பது எல்லாரிடமும் காட்டக்கூடிய எண், அதற்கு ஜோடியான ரகசியச் சாவி சேவையிடம் மட்டும் இருக்கும். முகவரியே சாவியாக இருப்பதால் வேறொருவர் அந்த முகவரியில் வந்து உட்கார்ந்து ஏமாற்ற முடியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன். நோடு பியர்களோடு பேசும்போது ஐபி தெரிகிறது. ப்ராக்ஸி நடுவில் நின்று அதை மறைக்கிறது. டோர் நிரல் ஒரு ப்ராக்ஸியாக உங்கள் கணினியிலேயே உட்கார்ந்துகொண்டு, வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

## அந்த ஒரு வரி

பிட்காயின்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதுவது இது. உண்மையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், இங்கே உச்சரிப்பைத் தருகிறேன்:

ப்ராக்ஸி=127.0.0.1:9050

127.0.0.1 என்றால் "இதே கணினி". 9050 என்பது டோர் நிரல் காது கொடுத்துக் காத்திருக்கும் கதவு. டோர் ப்ரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் வழியாக நோடை அனுப்பப் பார்ப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் ப்ரவுசருக்குள் இருக்கும் டோரின் கதவு 9150. அதைவிட, ப்ரவுசரை மூடியதும் நோடும் மூச்சு திணறும். டோரைத் தனியாக, எப்போதும் ஓடும் சேவையாக நிறுவுவதே நல்லது.

முன்னே அந்த உரையாடலில் "பயனர் பெயரும் கடவுச்சொல்லும்" என்று ஒன்று வந்ததே, அது எனக்குப் பிடித்த சமாசாரம். டோரிடம் பயனர் பட்டியல் எதுவும் கிடையாது. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும்? பெயர் வேறானால் பாதையும் வேறாக இருக்கட்டும் என்பது டோரின் வழக்கம். பிட்காயின் கோர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பியருக்கும் போகும்போது ஒரு புதுப் பெயரைக் கற்பனை செய்து சொல்கிறது. பத்துப் பியர்கள் என்றால் பத்துத் தனித்தனிப் பாதைகள். எல்லா இணைப்பும் ஒரே வெளியேறும் ரிலே வழியாகப் போய், அந்த ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கும் நிலை வராது. உள்ளே நுழைய வைத்திருந்த பூட்டைப் பாதை பிரிக்கும் கருவியாக மாற்றிய கெட்டிக்காரத்தனம் இது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், இயல்பாகவே இயங்கும்.

## உள்ளே வரும் வாசல்

முதன்முதலில் இதை அமைத்தபோது எனக்கு நடந்தது: ப்ராக்ஸி வரி போட்டேன், நோடு ஓடியது, வெளியே போகும் பத்து இணைப்பும் கிடைத்தது. ஆனால் உள்ளே வருகிற இணைப்பு நாள் கணக்கில் பூஜ்யம். ரவுட்டரைக் குறை சொன்னேன், டோரைக் குறை சொன்னேன். கடைசியில் பதிவுக் கோப்பை மேலிருந்து படித்தபோது, தொடங்கிய நொடியிலேயே "ப்ராக்ஸி இருக்கிறது, ஆகவே லிசன்=0 ஆக்குகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி சாதுவாக உட்கார்ந்திருந்தது.

காரணம் நியாயமானது. ப்ராக்ஸி போடுகிறவர் தன்னை மறைக்க நினைக்கிறார் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. மறைந்திருப்பவர் வாசலைத் திறந்து வைத்திருக்க மாட்டார் என்று, வருகிறவர்களை வரவேற்பதை நிறுத்திவிடுகிறது. தூதுவன் போகத்தான் முடியும், வருகிற விருந்தாளியை அழைத்து வர அவனுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த வேறு ஏற்பாடுதான் ஆனியன் சேவை. இதைத் தொடங்க பிட்காயின் கோருக்கு டோரின் இன்னொரு கதவு வேண்டும்: கட்டுப்பாட்டுப் போர்ட், எண் 9051. 9050-இல் "இங்கே போ" என்று மட்டும் சொல்லலாம். 9051-இல் டோருக்கே உத்தரவு போடலாம், "எனக்கு ஓர் ஆனியன் முகவரி உருவாக்கு" என்பது உட்பட. உத்தரவு போடும் கதவு என்பதால் அதைத் திறக்க அடையாளம் காட்ட வேண்டும். டோர் ஒரு சிறு கோப்பில் ரகசிய எண்ணை எழுதி வைக்கும், அதைப் படிக்க உரிமை உள்ள நிரலை நம்பும். லினக்ஸில் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான், பிட்காயின் கோர் ஓடும் பயனருக்கு அந்தக் கோப்பைப் படிக்கும் உரிமை இருக்காது. டோரின் குழுவில் அந்தப் பயனரைச் சேர்த்துவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

இப்போது கோப்பில் இன்னும் இரண்டு வரிகள் சேரும்:

லிசன்=1
பைண்ட்=127.0.0.1:8334=ஆனியன்

முதல் வரி, வாசலைத் திற. இரண்டாவது வரி, எந்த வாசலை என்று சொல்கிறது. அதை எழுதாவிட்டால் நோடு 8333-ஐயும் எல்லாத் திசைக்கும் திறந்து வைக்கும், ரவுட்டரில் வழி இருந்தால் டோருக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வரலாம். எழுதினால் டோர் கொண்டுவந்து விடுபவர்களுக்கு மட்டும் அனுமதி.

8334 என்று தனிக் கதவு எதற்கு? டோர் வழியாக வருகிற எல்லாரையும் உங்கள் கணினியில் ஓடும் டோர் நிரல்தான் கூட்டி வருகிறது. அதனால் நோடின் கண்ணுக்கு எல்லாரும் 127.0.0.1-இலிருந்து, அதாவது உள் அறையிலிருந்து வருவது போலத் தெரியும். தனிக் கதவு இருந்தால், அதன் வழியாக வந்தவர் ஆனியன் விருந்தாளி என்று தெரிந்துகொள்ளலாம்.

உருவான ஆனியன் முகவரியின் சாவியை நோடு தன் தரவுக் கோப்புறையில் சேமித்து வைக்கும். கணினி மாற்றினாலும் அதே முகவரி வேண்டும் என்றால் அந்தக் கோப்பையும் எடுத்துப்போக வேண்டும். புது முகவரி வேண்டும் என்றால் நோடை நிறுத்திவிட்டு அதை அழித்துவிடலாம்.

## டோர் மட்டுமே போதுமா?

ஒன்லிநெட்=ஆனியன் என்று இன்னொரு வரி உண்டு. அதைச் சேர்த்தால் நோடு தானாகத் தேடிப்போகும் பியர்கள் எல்லாம் ஆனியன் முகவரிக்காரர்களாகவே இருப்பார்கள். உள்ளே வருகிறவர்களையோ, நீங்கள் கையால் சேர்த்த பியர்களையோ இது கட்டுப்படுத்தாது. பெயரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள்.

போடலாமா? இங்கே இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வெளியேறும் ரிலே வழியாகப் போவதில் ஓர் ஆபத்தை லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் பிரியுகோவும் இவான் புஸ்டோகரோவும் 2014-இல் காட்டினார்கள். அன்றைய பிட்காயின் நோடுகள் ஒழுங்கு மீறும் ஐபியை ஒரு நாள் தள்ளி வைக்கும். ஒருவர் வேண்டுமென்றே எல்லா வெளியேறும் ரிலேக்கள் வழியாகவும் போய்க் குறும்பு செய்தால், அவை எல்லாமே தடைப்பட்டுப் போகும், அவர் சொந்தமாக நடத்தும் ரிலே மட்டும் மிஞ்சும். டோர் பயனர்கள் எல்லாரும் அந்தப் பொறிக்குள் வந்து விழுவார்கள். அந்தத் தடை விதி பின்னாளில் தளர்த்தப்பட்டது. ஆனியனுக்குள்ளேயே இருந்தால் வெளியேறும் ரிலே என்ற பேச்சே இல்லை.

மறுபக்கம், ஆனியன் முகவரி இலவசம். ஒரே ஆள் ஒரு மாலைப் பொழுதில் ஆயிரக்கணக்கில் உருவாக்கலாம். உங்கள் பத்துப் பியர்களும் ஒரே ஆளின் பத்து முகமூடிகளாக அமைந்துவிட்டால், அவர் காட்டுவதுதான் உங்களுக்கு உலகம். இதற்கு எக்லிப்ஸ் தாக்குதல், அதாவது கிரகணத் தாக்குதல் என்று பெயர். 2015-இல் ஈத்தன் ஹைல்மன் குழுவினர் இதைச் சாதாரண ஐபி இணைப்புகளிலேயே நடத்திக் காட்டினார்கள். போலிப் ப்ளாக்கை உங்கள் நோடு ஏற்காது, அது தானே கணக்குப் பார்க்கிறது. ஆனால் உண்மையான புதுப் ப்ளாக்கை உங்களிடம் வராமல் மறைக்க முடியும்.

என் கருத்து: இரண்டு அநாமதேய வலையமைப்புகளைச் சேர்த்து ஓட்டுங்கள். டோரோடு ஐ2பி. பிட்காயின் கோர் 22.0 பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், ஐ2பி-யையும் பேசும். ஐ2பி சாக்ஸ் மொழியைக் கேட்காமல் சாம் என்ற தன் சொந்த மொழியைக் கேட்கிறது. அமைப்பு வரி ஐ2பிசாம்=127.0.0.1:7656. சாம் மொழியில் போகவும் முடியும் வரவும் முடியும் என்பதால் கட்டுப்பாட்டுப் போர்ட் தொல்லை இல்லை. ஒன்லிநெட் வரியை ஆனியனுக்கு ஒன்று, ஐ2பி-க்கு ஒன்று என இரண்டு தடவை எழுதலாம்.

முதல் தடவை முழுச் சங்கிலியையும், அதாவது ப்ளாக்குகள் கோத்த அந்தக் கணக்குப் புத்தகத்தை, இறக்குவது தனிக் கதை. 600 ஜிபி-க்கும் மேல். தன்னார்வலர்கள் நடத்தும் ரிலேக்கள் வழியாக அவ்வளவையும் இழுத்தால் பல நாள் ஆகும். ப்ளாக்குகளை இறக்குவதில் ரகசியம் குறைவு, எல்லாரும் இறக்குவது அதே ப்ளாக்குகளைத்தான். ஆனால் "இந்த வீட்டில் நோடு இருக்கிறது" என்பதே வெளியே தெரியக்கூடாது என்றால் முதல் பைட்டிலிருந்தே டோர்தான், பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் இந்த இடத்தில் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. அதன் டீஎக்ஸ்-ப்ராக்ஸி அமைப்பில் உங்கள் பரிவர்த்தனைகள் மட்டும் டோர் வழியாகப் போகும், ப்ளாக்குகள் வழக்கமான இணையத்தில் வேகமாக வரும். எதீரியம் என்ற வேறொரு கிரிப்டோ வலையமைப்பின் நோடுக்கு இதெல்லாம் எளிதாகப் பொருந்தாது. அது பியர்களைத் தேடுவது யூடிபி என்ற வகைச் செய்திகளால், டோர் சுமப்பது டிசிபி வகையை மட்டும்.

## எது மறையாது?

சங்கிலி மறையாது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது பிட்காயினில் எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவு. டோர் அதைத் தொடவே தொடாது. அடையாள அட்டை காட்டிக் காயின் வாங்கியிருந்தால், நோடு எந்த வழியாகப் போனாலும் அந்த இணைப்பு அப்படியே இருக்கும். நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும், எதற்கு என்பது தெரியாது. நோடை இவ்வளவு பத்திரமாக மறைத்துவிட்டு, கைபேசி வாலட்டை, அதாவது காயின்களைக் கையாளும் செயலியை, யாரோ ஒருவரின் சர்வரோடு நேராக இணைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அதை என்னவென்று சொல்வது.

## சரியாக அமைந்ததா என்று பார்க்க

பிட்காயின்-சிஎல்ஐ -நெட்இன்ஃபோ என்ற கட்டளை ஒரு சிறு அட்டவணை காட்டும். உள்ளே வந்தவர்கள் ஒரு வரிசை, வெளியே போனவை ஒரு வரிசை, ஐபிவி4, ஆனியன், ஐ2பி என்று நெடுவரிசைகள். உள்ளே வந்தோர் வரிசையில் ஆனியனுக்குக் கீழே எண் ஏற ஒரு நாள்கூட ஆகலாம், உங்கள் முகவரி ஊரெல்லாம் பரவ வேண்டுமே. ஒன்லிநெட் போடாமல் வெறும் ப்ராக்ஸி மட்டும் வைத்திருந்தால், வெளியே போனவை வரிசையில் ஐபிவி4-க்குக் கீழேயும் எண் இருக்கும். பதற வேண்டாம், அவையும் டோர் வழியாக, வெளியேறும் ரிலேக்களைக் கடந்து போனவைதான்.

அட்டவணையை நம்பாதவர்களுக்கு இன்னொரு சோதனை. நோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே டோர் சேவையை நிறுத்துங்கள், ஐ2பி இருந்தால் அதையும். சில நிமிடங்கள் கழித்து அதே கட்டளையை ஓட்டுங்கள். எல்லா எண்ணும் பூஜ்யமாகி, அப்படியே நின்றால் சரி. ஒரே ஒரு பியர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அந்த பைண்ட் வரி விட்டுப் போயிருக்கும்.